ஸ்ட்ராப்பு மச்சான்

"கேமரா நீர்யானைத் தொட்டிக்குள்ள விழுந்துருச்சு"ன்னு புருஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னதும், அவளுக்கு முதல்ல வந்தது கோபம் இல்ல, சிரிப்பு.

பின்ன? அந்த வீட்டுல கேமராவைத் தொடணும்னா ஒரு பிரசங்கத்தைக் கேட்டாகணும். மூக்கை உறிஞ்சி, கண்ணாடியை ஏத்திவிட்டு ஆரம்பிப்பான்: "முதல்ல ஸ்ட்ராப் கழுத்துல. அப்புறம்தான் கேமரா கையில." சாப்பாட்டு மேஜையில உக்காந்து ஒரு போட்டோ எடுக்கக்கூட இதே பாட்டுதான். அவளோட தம்பி அவனுக்கு வச்ச பேரே 'ஸ்ட்ராப்பு மச்சான்'.

"அது சரி, இன்னைக்கு ஸ்ட்ராப் எங்க போச்சு?"

"கழட்டியிருந்தேன். கை வழுக்கிருச்சு."

"ஓஹோ. சட்டமெல்லாம் ஊருக்குத்தான், ஐயாவுக்கு இல்லையாக்கும்."

அவன் ஈர லென்ஸைத் துண்டால துடைச்சுக்கிட்டே இருந்தான். ஆசை ஆசையா வாங்கின லென்ஸ். தொட்டிக் காவலாளி வலை போட்டு எடுத்துக் குடுத்தாராம். ஆட்டினா உள்ள தண்ணி குலுங்குது.

சோபா ஓரத்துல அவளோட அப்பா, எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கற மாதிரி உக்காந்திருந்தார். ஞாயித்துக்கிழமை ஆனா மாமனாரும் மருமகனும் மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்பிருவாங்க. அவன் போட்டோ எடுப்பான், இவர் பையைத் தூக்குவார். ரிட்டயர் ஆகி, சுவத்தையே பார்த்துக்கிட்டிருந்த மனுஷனுக்கு வாரம் பூரா அதுதான் பேச்சு. கரடி கொட்டாவி விட்டதைத் தானே விட்டுக் காட்டுவார். இன்னைக்கு ஒரு கொட்டாவியும் காணோம்.

அவ விடுவாளா? மூக்கை உறிஞ்சி, இல்லாத கண்ணாடியை ஏத்திவிட்டு, புருஷன் குரல்லயே பிரசங்கம் பண்ணினா. அப்புறம் நீர்யானையா மாறி வாயைப் பொளந்து காட்டினா. ஆனா சிரிக்கத்தான் ஆள் இல்ல.

அதுல அவளுக்கு நிஜமாவே கடுப்பாயிருச்சு. "போதும் நீங்க ரெண்டு பேரும் ஊர் சுத்தினது. இனிமே ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்து துணி மடிங்க."

அப்பா முகம் பொசுக்குன்னு சுருங்கிருச்சு. அவ்வளவு நேரம் கல்லு மாதிரி திட்டு வாங்கினவன் இப்பதான் நிமிர்ந்தான்.

"என்னை என்ன வேணா சொல்லு. மாமாவைக் கூட்டிட்டுப் போறதை மட்டும் நிறுத்தச் சொல்லாத."

இதென்ன புதுக் கரிசனம்னு முணுமுணுத்துக்கிட்டே, அழுக்குத் துணியை அள்ளிக்கிட்டுப் போனா.

அப்பாவோட சட்டையை மெஷின்ல போடப் போனவ அப்படியே நின்னுட்டா. மேல் பட்டன் ரெண்டையும் காணோம். காலருக்குப் பின்னால தையல் பிரிஞ்சு தொங்குது. யாரோ பின்னாலேர்ந்து கொத்தாப் பிடிச்சு இழுத்திருக்காங்க.

அப்பாவைத் தனியாக் கூப்பிட்டு, சட்டையைத் தூக்கிக் காட்டினா. அவர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வேற வழியில்லாம மகளைப் பார்த்தார்.

நீர்யானைப் பல்லை லென்ஸ் வழியாப் பார்க்கணும்னு இவர்தான் ஆசைப்பட்டாராம். அவன் தன் கழுத்துலேர்ந்து ஸ்ட்ராப்பைக் கழட்டி இவர் கழுத்துல மாட்ட வந்தானாம். அந்த நேரம் பார்த்து இவருக்குத் தலை கிறுகிறுன்னு சுத்த, தடுப்புக் கம்பிக்கு மேல சாஞ்சுட்டாராம்.

"மாப்பிள்ளை கேமராவை விட்டுட்டு என் சட்டையைப் பிடிச்சாரும்மா. உன்கிட்ட சொன்னா அப்புறம் வெளியவே விடமாட்டேன்னு, நான்தான் அவர் வாயை அடைச்சேன்."

காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட போறோம்னு மட்டும் சொல்லிட்டு, அவ ஹாலுக்கு வந்தா. ஸ்ட்ராப்பு மச்சான் லென்ஸை ஒரு துண்டுல சுத்தி மடியில வச்சிருந்தான்.

"டாக்டர் சரின்னா, ஞாயித்துக்கிழமை கிளம்புங்க. நானும் வர்றேன்"ன்னா.

அவனுக்கு ஒண்ணும் புரியல. "கேமரா இல்லாமயா?"

"அதான் நல்லது. ரெண்டு கையும் சும்மாதான இருக்கும், அப்பாவைப் பிடிச்சுக்கங்க."