சனிக்கிழமை வரும் திமிங்கலம்

"படகு, இன்னும் கொஞ்சம் இடது. பெரிசு ஒண்ணு மூச்சு விடுது," என்றது ரேடியோ.

அமாரோ இடதுபுறம் திருப்பினான். அங்கே அலைதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பாறை உச்சிக் கோபுரத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்து திமிங்கலம் எங்கே என்று சொல்வது அவனுடைய அண்ணன் செஃபெரினோ. சொன்ன இடத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது அமாரோ. பீக்கோ தீவில் இந்தத் தொழில் அப்படித்தான். கண் மேலே, படகு கீழே.

கரையில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அப்பாவின் திராட்சைத் தோட்டத்தைப் பிரித்து நடுவில் எரிமலைக் கல்லால் சுவர் வைத்தபோது, அது யார் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது என்பதில் தொடங்கிய மௌனம். மாதா கோயிலில்கூட ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். கடலில் மட்டும் வேறு வழியில்லை. ரேடியோவில் அண்ணன் பெயர் 'கோபுரம்', தம்பி பெயர் 'படகு'.

இன்று இந்த வருடத்தின் கடைசிப் பயணம். இனி வசந்தம் வரும்வரை ரேடியோவுக்கும் ஓய்வு.

சனிக்கிழமை அமாரோவின் மகள் மாரிசாவுக்குக் கல்யாணம்.

"உன் அண்ணனைக் கூப்பிடாம வீட்டுக்கு வந்தே, படகுலயே படுத்துக்க," என்று மனைவி ஜில்டா காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். ரப்பர் படகில் படுத்தால் இடுப்பு என்ன கதியாகும் என்று அமாரோவுக்கு அனுபவத்தில் தெரியும்.

"கோபுரம், சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தான்.

"சனிக்கிழமை கிடக்கட்டும். வலது பக்கம் பாரு."

படகிலிருந்த ஆறு பயணிகளும் வலது பக்கம் பார்த்தார்கள். அங்கே ஒரு கடற்பறவை மட்டும் அவர்களைப் பார்த்தது.

துறைமுகத்தைத் தாண்டியதுமே அமாரோ அவர்களுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தான். "பக்கவாட்டுல பாருங்க, முன்னால பாருங்க. பின்னால மட்டும் திரும்பாதீங்க. திமிங்கலத்துக்கு ராசியில்ல."

டால்பின்கள் கூட்டமாக வந்து குட்டிக்கரணம் அடித்தன. திமிங்கலம் பார்க்க வந்தவர்களுக்கு டால்பின் எம்மாத்திரம்? லிஸ்பனிலிருந்து வந்த பெண்மணி ஒருத்தி மட்டும் மரியாதைக்குக் கைதட்டினாள்.

"கோபுரம், நம்ம மாரிசாவுக்கு..."

"படகு, இது திமிங்கலம் பேசுற ரேடியோ. ஊரே கேட்டுக்கிட்டிருக்கு. குடும்பக் கதையெல்லாம் இங்க வேணாம். இன்னும் தெற்கே போ."

இதற்கு மேல் தெற்கே போனால் பென்குயின்தான் காட்டலாம்.

அமாரோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு ரேடியோவை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"கோபுரம், திமிங்கலத் தகவல்தான். சனிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு மாதா கோயில் வாசல்ல ஒண்ணு வருது. வெள்ளை. தரையில இழுபடுற மாதிரி நீள வாலு. கோபுரம் தோள்ல தூக்கி வளர்த்த குட்டி."

ரேடியோ கரகரத்தது.

"கூட யாரு?"

"ஒரு டால்பின். எது சொன்னாலும் சிரிக்கும். நல்ல பையன்."

மறுபடியும் கரகரப்பு. கோபுரம் மூக்கைச் சிந்துவது போல ஒரு சத்தம்.

"எந்தப் பக்கம் உட்கார்ந்தா நல்லாத் தெரியும்? இடதா, வலதா?"

"நடுவுல. முன் வரிசைல. என் பக்கத்துல... அண்ணே."

 

"சரி சரி. படகைக் கரைக்குத் திருப்பு. அங்க ஒண்ணும் இல்ல."

லிஸ்பன் பெண்மணி அமாரோவின் சட்டையை இழுத்தாள். "அந்த வெள்ளைத் திமிங்கலத்தை நாங்களும் பார்க்கலாமா?"

"ஆறு பேரும் வந்துடுங்க. சூப் உண்டு, வீட்டு ஒயின் உண்டு. இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் காட்டலியே, எனக்கும் மனசு கேக்கல," என்றபடி அமாரோ படகைத் திருப்பினான்.

அப்போதுதான் எல்லோரும் தீவைப் பார்த்தார்கள்.

மலை இல்லை. பாறை இல்லை. கோபுரமும் இல்லை. எல்லாவற்றையும் மூடி, கடல் விளிம்புவரை ஒரே மேகம், நனைந்த கம்பளி மாதிரி.

"இது எப்ப வந்தது?" என்றாள் பெண்மணி.

"நாம துறைமுகத்தைத் தாண்டினதுமே இறங்கிடுச்சும்மா," என்றான் அமாரோ, தொப்பியைச் சரிசெய்துகொண்டே.

ரேடியோ கரகரத்தது.

"தம்பி... நீ இப்ப எங்கடா இருக்கே?"