டிரைவரின் இதயம்

மேனேஜர் பாய்ந்து வந்து, டிரைவரின் கையிலிருந்த கம்பெனி பஸ் சாவியைப் பிடுங்கினார்.

"ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்தாச்சு! உனக்கே தெரியாம இதயம் தாறுமாறாத் துடிக்கிற ரகமாம் நீ. பஸ் நிறைய ஆளை ஏத்திக்கிட்டுப் பாதி வழியில மண்டையைப் போடப் பாத்தியா? வேலையை விட்டுக் கிளம்பு!"

"சார், நேத்துதான் ஈ.சி.ஜி. எடுத்தேன். துடிப்பு சீரா இருக்குன்னு டாக்டர் சொன்னார்."

"டாக்டர் கிடக்கார்! குப்பியில எச்சில் துப்பக்கூடத் தெரியாம அன்னிக்குத் திருதிருன்னு முழிச்சவன், எனக்கு ஈ.சி.ஜி. பாடம் எடுக்கறியா?"

அப்போதுதான் டிரைவருக்கு உறைத்தது.

"சாவியைக் கொடுங்க சார். உங்களை உடனே ஆஸ்பத்திரில விட்டுடறேன்."

"என்னையா? எதுக்குடா?"

"'இப்படித் துப்பணும்டா மண்டு'ன்னு என் பேர் ஒட்டின குப்பியில நீங்கதானே சார் துப்பிக் காட்டினீங்க? நர்சம்மா அதைத்தான் மூடி டெஸ்டுக்கு அனுப்பினாங்க!"