ஹின்ரிக் வாத்தியாரின் ஓட்டு

"இந்தச் சீட்டு எனக்கு வேண்டாம், குன்வோர். வேற குடுங்க."

ஏழாம் வகுப்பு எஸ்பென் சீட்டை மேஜைமேல் தள்ளினான். ஆசிரியை குன்வோர் அதைத் தொடவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதுவரை அந்தப் பள்ளியில் வரலாற்றுப் பாடம் நடத்துவது அவர்தான்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுல யாரும் தன் பிறப்பை மாத்திக்கலையே. நீ மட்டும் எப்படி மாத்துவே?"

அன்று மூன்றாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் சேர்ந்து அந்த வருஷத்து வாக்கெடுப்பை நடத்துவதாக ஏற்பாடு. அவர்கள் ஊர் ஐம்பத்தாறு வருஷம் ஜெர்மனியிடம் இருந்த பகுதி. அங்கேயே இருப்பதா, டென்மார்க்கோடு சேர்வதா என்று அப்போது மக்களையே கேட்டார்கள். ஏழாம் வகுப்புக்காரர்கள் அந்தக் காலத்து ஊர் ஜனங்கள். ஆளுக்கொரு சீட்டு, அதில் ஒரு மனிதரின் கதை. மூன்றாம் வகுப்புப் பொடிசுகள் தேர்தல் அதிகாரிகள்.

"இந்த ஹின்ரிக் ஜெர்மன்காரர். ஜெர்மனிக்குத்தான் ஓட்டுப் போடுவார்," என்றான் எஸ்பென். "ஊர்லயே உயரமான கொடிமரம் எங்க வீட்டுது. யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் எங்கப்பா டேனிஷ் கொடி ஏத்துவார். மத்தியானம் அப்பா அம்மா எல்லாரும் வேடிக்கை பார்க்க வராங்க. நான் இவருக்காகப் பேசறதை எங்கப்பா கேட்டா என்ன நினைப்பார்?"

"முதல்ல முழுசாப் படி. அப்புறம் சொல்லு."

பக்கத்தில் கார்லா சிரித்தாள். அவளுக்கு டேனிஷ் விவசாயி வேஷம். "பயந்துட்டான். கூட்டத்துல ஒரே நிமிஷத்துல உன்னை உட்கார வெக்கிறேன் பாரு."

அது போதுமாக இருந்தது. எஸ்பென் சீட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். சாப்பாட்டு மணி அடித்தபோதும் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் உடற்பயிற்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. வாக்குப் பெட்டியாக மாறியிருந்த பிஸ்கட் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்றாம் வகுப்பு தாக்னி நின்றாள்.

"வரிசைல வாங்க. மேயரா இருந்தாலும் வரிசைதான்."

முதலில் கார்லா பேசினாள். "எங்க வீட்ல பேசறது டேனிஷ். பள்ளிக்கூடத்துல பேசினா அடி விழுது. எங்க பசங்க யாரோ ஒரு ஜெர்மன் ராஜா கைசருக்காகச் சண்டைக்குப் போய்ச் செத்தாங்க. போதும். நாம நம்ம வீட்டுக்குப் போவோம்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

எஸ்பென் எழுந்தான். யாரோ சிரித்தார்கள்.

"உங்க புள்ளைங்களுக்கு இருபத்தோரு வருஷமா எழுத்துக் கத்துக்குடுத்தவன் நான்," என்று தொடங்கினான். "அவங்க டேனிஷ் பேசினா நான் அடிச்சதும் உண்மைதான். மேலிடத்து உத்தரவு. இன்னிக்கு அதை நினைச்சா வெக்கமா இருக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்சது ஜெர்மன் மட்டும்தான். நாளைக்கு எல்லை மாறினா என் வகுப்புல எனக்கே இடமில்ல."

"அப்ப உங்க ஊருக்கே போயிடுங்களேன்," என்றாள் கார்லா. கூட்டம் ஆரவாரித்தது.

"போகலாம். என் பையனை யார் பாத்துப்பாங்க?"

"அவனையும் கூட்டிட்டுப் போங்க."

"முடியாதும்மா. போரு முடியற சமயத்துல வந்த காய்ச்சல்ல போயிட்டான். உங்க சர்ச்சுக்குப் பின்னாடிதான் புதைச்சிருக்கேன். அவனை விட்டுட்டு நான் எந்த நாட்டுக்குப் போறது?"

எஸ்பெனின் குரல் உடைந்தது. அது நடிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. கார்லா உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்டு எண்ணும்போது இரண்டு வகுப்பும் டப்பாவைச் சுற்றி மொய்த்தன. டென்மார்க்குக்குப் பதினேழு, ஜெர்மனிக்கு ஐந்து.

"மறுபடி எண்ணு," என்று மேஜையைத் தட்டினான் எஸ்பென்.

"மூணு தடவை எண்ணியாச்சு," என்றாள் தாக்னி கறாராக.

"அஞ்சே பெரிசுடா," என்று அவன் காதில் சொன்னாள் கார்லா. "அதுல ஒண்ணு என்னோடது. யார்கிட்டயும் சொல்லிடாதே."

அப்போதுதான் கதவருகே நின்ற அப்பா யெப்பேயைப் பார்த்தான். யெப்பே கைதட்டவில்லை. கண்கொட்டாமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்பெனின் காது சிவந்தது.

"அப்பா, சும்மா பாடத்துக்காகத்தான் பேசினேன்."

தாக்னி டப்பாவோடு குறுக்கே வந்தாள். "அந்த வாத்தியாருக்கு அப்புறம் என்ன ஆச்சு? ஊரைவிட்டுத் துரத்திட்டாங்களா?"

குன்வோர் யெப்பேயைத் திரும்பிப் பார்த்தார். யெப்பே மெல்ல நடந்து முன்னால் வந்தார்.

"யாரும் துரத்தலம்மா," என்றார். "வேலைதான் போச்சு. பால் பண்ணைல கேன் கழுவினார். தன்னோட எட்டு வயசுப் பொண்ணு பக்கத்துல உக்காந்து, அவ பாடப் புத்தகத்தை வெச்சே டேனிஷ் கத்துக்கிட்டார். அவரோட தப்பை அவ திருத்தினா ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்களாம்."

"இதெல்லாம் புத்தகத்துல இல்லையே," என்றாள் கார்லா. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பொண்ணே சொல்லிச்சு," என்றார் யெப்பே, எஸ்பெனின் தோளில் கையை வைத்து. "அவங்க என்னோட பாட்டி. நானா வீட்ல சொல்லியிருந்தா நீ காதுல வாங்கியிருக்க மாட்டே, அதான் உன் டீச்சர்கிட்ட அந்தச் சீட்டை எழுதிக் குடுத்தேன். அவர் உனக்கு எள்ளுத்தாத்தாடா."