முழங்கைக்குப் பொருத்தமான மட்டை

“பார்த்ததும் சாம்பியன் மட்டைன்னு தெரியணும்,” என்று, டென்னிஸ் போன்ற பேடல் ஆட்டத்துக்கான மட்டைகளில், கடை அடுக்கில் இருப்பதிலேயே கனமானதை எடுத்தார் வழுக்கைத்தலையர்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. “ஆட ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு சார்?”

“ஒரு மாசம்.”

“அப்போ லேசான, வட்டமான மட்டையா எடுங்க. இந்த வயசுல இதை வீசினா முழங்கை போயிடும்.”

“நிஜமாவா?” அவர் முகம் மலர்ந்தது. “எத்தனை நாளைக்கு?”

“ரெண்டு மாசம் கையைத் தூக்க முடியாது.”

“பேஷ்! பரிசுக் காகிதத்துல சுத்திடுங்க. எங்க மேனேஜருக்குப் பிறந்தநாள். ஞாயித்துக்கிழமை தவறாம ஆபீஸ் மொத்தமும் மைதானத்துக்கு வந்து அவர்கிட்ட தோத்து, கையும் தட்ட வேண்டியிருக்கு.”

கடைக்காரர் மட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“முதல்லயே சொல்லக் கூடாதா சார்? உள்ளே இதைவிடக் கனமா ஒண்ணு இருக்கு.”