இடப்பக்கம்

மூன்றாவது விசிலோடு குக்கர் நின்றது.

அடுப்பை அணைக்கிற 'டக்' சத்தமும் கேட்டது. வைஜயந்தி நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

ஸ்ரீவித்யாவின் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது. அவள் இருப்பது புனேயின் விஷ்ராந்த்வாடியில், தன் வீட்டுப் பின்னறையில். வைஜயந்தி இருப்பது அதே ஊரில் கராடியில், ஒன்பதாவது மாடியில். நடுவில் ஒரு லேப்டாப் திரை. மனநல ஆலோசகரான ஸ்ரீவித்யாவுக்கு அந்தத் திரைதான் கிளினிக்.

வீட்டில் யாரும் இல்லை என்று வைஜயந்தி சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கணவர் பாஜி வாங்கப் போயிருக்கிறாராம். காய்கறியை அவள் பாஜி என்றுதான் சொல்வாள். வரப் பன்னிரண்டு ஆகுமாம்.

அப்படியானால் அடுப்பை அணைத்தது யார்?

"குக்கர் உங்க வீட்லயா?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள் ஸ்ரீவித்யா.

பக்கத்து வீடு என்றாள் வைஜயந்தி. சொல்வதற்கு முன் அவள் கண் ஒருமுறை இடப்பக்கம் போய்விட்டு வந்தது.

அந்த இடப்பக்கம்தான் நாலு வாரமாக உறுத்துகிறது. எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் பேச்சு நிற்கும். கண் அந்தப் பக்கம் போகும். அப்புறம்தான் பதில் வரும். நெட் மெதுவாக இருக்கிறது என்றே முதலில் நினைத்திருந்தாள்.

இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள் என்று வாராவாரம் சொல்லியாயிற்று. ஒரு வாரம் காது வலி. ஒரு வாரம் சார்ஜ் இல்லை. ஒரு வாரம் காணாமலே போய்விட்டது.

நேரில் வந்திருந்தால் எழுந்து போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். கால் நடுங்குகிறதா என்று பார்த்திருக்கலாம். திரைக்கு முகம்தான் தெரியும், வீடு தெரியாது.

அதற்காகத் திரையைத் திட்டவும் மனசு வரவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கிளினிக் வாசலில் தயங்கி நிற்க வேண்டாம். இந்த ஊரில் தமிழில் அழ ஒரு இடம். அது இல்லையென்றால் இந்தப் பெண் வந்திருக்கவே மாட்டாள்.

வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கோயம்புத்தூர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆபீஸ் மீட்டிங்கில் இங்கிலீஷில் வாய் திறக்கப் பயம். இரண்டு மாதமாக ஆபீஸ் பையைத் தொடவே கை வரவில்லை. கணவர் ஹரிபிரசாத் இங்கேயே, புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

கோயம்புத்தூர்க்காரி பேச்சில் ஒரு 'ங்க'கூட இல்லையே என்று ஸ்ரீவித்யாவுக்குத் தோன்றியதுண்டு. புனே வந்து தேய்ந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

போன வாரம் சொன்னதைத்தான் விட முடியவில்லை.

பால்கனியில் நின்றால் கீழே பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

நோட்டில் அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே, அவசரமென்றால் கூப்பிட வேண்டிய எண். அது ஹரிபிரசாத்தின் எண்.

அந்த ஆள் இப்போது திரைக்கு இடப்பக்கம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறான். அவள் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று கண்ணாலேயே மிரட்டிக்கொண்டு. யாரைக் கூப்பிடுவது?

வாயால் கேட்டால் அவனுக்குக் கேட்கும். எழுதிக் கேட்கலாம். இங்கிலீஷில் எழுதினால் எட்டிப் பார்த்துப் படித்துவிடுவான். தமிழில் எழுதினால் அவள் மட்டும்தான் படிப்பாள்.

தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பாடு எப்படி என்று வாய் கேட்டுக்கொண்டே இருக்க, ஸ்ரீவித்யாவின் விரல் சாட்டில் தட்டியது.

'பக்கத்தில் யாராவது இருந்தால் தோட்டைத் தொடுங்கள்.'

அனுப்பிவிட்டு இடது கையில் போனை எடுத்துக்கொண்டாள்.

வைஜயந்தி குனிந்து பார்த்தாள். கை காதுக்குப் போகவில்லை. உதடு முதல் எழுத்தைக் கூட்டிப் பார்த்தது. அடுத்த எழுத்தில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அவளுக்குத் தமிழ் படிக்க வரவில்லை.

கடைசியில் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல இடப்பக்கம் திருப்பினாள்.

சுவர் நகர்ந்தது. ஜன்னல் நகர்ந்தது. பாதியில் படம் உறைந்துபோனது. ஸ்ரீவித்யாவின் கட்டைவிரல் போன் மேலேயே இருந்தது.

படம் மறுபடி அசைந்தபோது ஒருவன் தெரிந்தான். பத்துப் பதினைந்து நாள் தாடி. கையில் அடுப்படித் துணி. நாற்காலியை மனைவியின் முழங்கையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் கண் எழுத்துக் கூட்டவில்லை. ஒரே ஓட்டமாகப் படித்து முடித்தது.

அப்புறம் நேராகக் கேமராவைப் பார்த்தான். நாலு வாரத்தில் அந்த வீட்டிலிருந்து யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"பால்கனில நிக்கறது நானுங்க. வாய் மட்டுந்தான் இவளுது."

ஸ்ரீவித்யா போனைக் கீழே வைத்தாள்.

அவன் திரையில் இருந்ததை இன்னொரு தரம் படித்தான். இந்தத் தரம் நிதானமாக, உதடு அசைய. பக்கத்தில் யாராவது இருந்தால்.

அவன் காதில் தோடு இல்லை.

கை நீண்டு மனைவியின் தோட்டைத் தொட்டது.