அறுபது மீட்டர்

டேப்பின் ஒரு முனையைத் தன் உணவகத்தின் வாசற்படியில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி குத்துக்காலிட்டிருந்தார் முதலாளி.

மறுமுனையோடு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார் நகராட்சி ஆய்வாளர். நாலாவது புகாருக்குத்தான் மனிதர் அசைந்து கொடுத்திருந்தார்.

உணவகத்தின் வாசலிலிருந்து அறுபது மீட்டருக்குள் உணவு வண்டி நிற்கக் கூடாது. முதலாளிக்கு இந்த விதி மனப்பாடம். இதைச் சொல்லியே இதுவரை இரண்டு வண்டிகளைத் தெருவை விட்டு விரட்டியிருக்கிறார். அந்தப் பெருமையை முடிவெட்டும் கடையிலும் சொன்னார், வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதும் சொன்னார்.

இது மூன்றாவது வண்டி. பச்சை வண்டி.

அதை நடத்துகிறவள் முதலில் இவரிடம்தான் கேட்டாள், சமையலறையில் ஓர் அடுப்பு கொடுங்கள் என்று. இதென்ன விளையாட்டா என்று சிரித்தே அனுப்பிவிட்டார்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

வண்டி முன் வரிசையில் நின்றவர்களில் பாதிக்கு மேல் அவருடைய வாடிக்கையாளர்கள். மருந்துக்கடைக்காரர் பத்து வருடமாக இவரிடம் மதியம் சாப்பிட்டவர், ஒரு நாளும் நல்லா இருக்கு என்று வாயைத் திறந்ததில்லை. அந்த மனிதர் இன்று வண்டியோரம் நின்று விரலை நக்கிக்கொண்டு, கைப்பக்குவம் என்றால் இதுதான் என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது காற்றில் இங்கே வரை வந்தது.

முதலாளிக்கு வயிறு எரிந்தது.

வெறும் வயிறு வேறு. உள்ளதைச் சொன்னால், அவரே தன் கடைச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. வீட்டு டப்பாவைத்தான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். ஆய்வாளர் வருகிற அவசரத்தில் இன்று அதையும் மறந்து வந்திருந்தார்.

முப்பது மீட்டர் டேப். முதல் நீளம் தபால்பெட்டியோடு முடிந்தது. அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, இரண்டாவது நீளத்தை வண்டியின் முன்சக்கரம் வரை இழுத்தார்கள். இந்த முறை முதலாளி டேப்பின் முனையைக் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வண்டிப் பக்கமாகத் தள்ளிப் பிடித்தார். ஆய்வாளர் வந்து அதை வெடுக்கென்று இழுத்துக் கோட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

"அறுபது மீட்டர், நாலு விரல். வண்டி நிக்கலாம் சார்."

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்ட ஆய்வாளர், அப்படியே வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

முதலாளிக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வரிசையை ஒதுக்கிக்கொண்டு நேராக வண்டியின் முன்னால் போய் நின்றார்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்தாள். அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேலே வைத்தாள். மூடியின் ஓரத்தில் நசுங்கல் இருந்தது. அதை நசுக்கியவரே அவர்தான்.

"காலையில மேசை மேலயே வெச்சுட்டு வந்துட்டீங்க," என்றாள் அவர் மனைவி. "நடுவுல நுழையாதீங்க. வரிசையில வாங்க."

முதலாளி திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் ஒருவருக்கு மட்டும் கட்டிக் கொடுக்கப்பட்ட சாப்பாட்டுக்கு இப்போது அவருக்கு முன்னால் பதினோரு பேர்.

கடைசியில் நின்ற ஆய்வாளர் ஓரடி முன்னால் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.