பிடுங்க வராத கிளுவைக் குச்சி

மலைமேல் ஒரு மாட்டுப்பட்டி. அதன் வாசலில் பெரிய கிளுவை மரம். அங்கே முதன்முதலில் வந்த செவலைப்பசு செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் கழுத்துமணி மட்டும் மரக்கிளையில் தொங்குகிறது. காற்றடித்தால் மணியும் மரமும் பேச ஆரம்பித்துவிடும்.

"அந்த முதல் மழைக்காலம் ஞாபகம் இருக்கா?" என்றது மணி. "புலி ரெண்டு கன்னுக்குட்டியை அடிச்சுருச்சு. மாரசாமி பொண்டாட்டி நஞ்சம்மா, 'கீழ ஊருக்கே போயிரலாமுங்க'ன்னு அழுதா."

"மறக்குமா? அப்ப நான் மரமில்ல. கன்னு கட்டுற வெறுங்குச்சி. 'ஒரு மாசத்துக்குத்தான்'னு சொல்லி மாரசாமி என்னை அடிச்சு நட்டான்."

பட்டியைக் காலி செய்கிறவர்கள் குச்சிகளை விட்டுப் போவதில்லை. போகிற இடத்திலும் கன்று கட்ட வேண்டுமே. கிளம்புவதென்று முடிவாகி, மாரசாமி மூட்டைகளை எருதின்மேல் ஏற்ற, நஞ்சம்மா குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடைசியாகக் கிளுவைக் குச்சியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். குனிந்தபோதுதான் பார்த்தாள், அதன் பக்கவாட்டில் இரண்டு பச்சை இலை துளிர்த்திருந்தது.

நஞ்சம்மா கையை எடுத்துவிட்டாள்.

"இது வரமாட்டேங்குதுங்க," என்று புருசனிடம் சொன்னாள். வழிக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே குச்சியின் அடியில் கவிழ்த்தாள். மாரசாமி மூட்டைகளை இறக்கினான்.

"இப்பவாவது நெசத்தைச் சொல்லு," என்றது மணி. "வேரு அவ்வளவு ஆழமா போயிருந்துச்சா?"

"எங்க! ரெண்டு விரக்கடை ஆழந்தான். இன்னொரு இழுப்பு இழுத்திருந்தா கையோட வந்திருப்பேன்."

மரம் மணி தொங்கும் கிளையை மெல்ல அசைத்தது.

"அது அவளுக்கும் தெரியும்."